தொகுப்பை நீக்கிவிட்டார்கள்: விக்கிப்பீடியாவில் யாரிடம் முறையிடுவது?

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் தன் ஊர்க் கட்டுரையின் முதல் வரியில் ஊர்ப் பெயரைத் தமிழெழுத்தில் சேர்த்திருக்கிறார். இன்னொருவர் அந்தத் தொகுப்பை (திருத்தத்தை) நீக்கினார். இவர் திரும்பச் சேர்த்தார், அவர் திரும்ப நீக்கினார். மூன்றாவது சுற்றில் இவருடைய பேச்சுப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வந்து விழுந்திருக்கிறது. "யாரிடம் புகார் செய்வது? தமிழ் விக்கியிலும் இப்படித்தானா?" என்கிறார்.

ஏமாற்றமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகார் வாங்க அங்கே ஆள் இல்லை. கட்டுரையில் உள்ள ஒரு வரி சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் தரப்படவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை வழங்கிகளை (சர்வர்களை) பராமரிக்கிறது, நன்கொடை திரட்டுகிறது; கட்டுரைக்குள் வழக்கமாகத் தலையிடாது. நிர்வாகிகள் பக்கத்தைப் பூட்டலாம், நீக்கலாம், பயனரைத் தடை செய்யலாம். ஆனால் எது எழுதப்பட வேண்டும் என்ற விவாதத்தில் அவர்கள் சொல்லுக்கு உங்கள் சொல்லைவிடக் குன்றிமணி எடையும் கூடுதல் கிடையாது. ஆங்கில விக்கியில் 2004 முதல் நடுவர் குழு ஒன்று உண்டு, 15 இடங்கள். அதுவும் யார் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் விசாரிக்கும். ஆங்கிலத்தில் தயிருக்கான சொல்லில் 'எச்' வேண்டுமா வேண்டாமா என்று 2003இல் தொடங்கிய இழுபறி 2011 வரை ஓடியது. அதைத் தீர்த்துவைக்க எந்த நீதிபதியும் வரவில்லை. பேசிப் பேசித்தான் முடிந்தது.

ஆகவே உங்கள் முன் உள்ள வேலை, எதிராளியைத் தோற்கடிப்பதல்ல. சண்டையில் சம்பந்தமே இல்லாத மூன்றாமவர் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் படித்தால் உங்கள் பக்க நியாயம் அவருக்குப் புரிய வேண்டும். அங்குள்ள எல்லா நடைமுறைகளும் அந்த மூன்றாமவரை வரவழைக்கும் வழிகள்தாம்.

இனி உங்கள் ஊர்ப் பெயருக்கு வருவோம். இந்தியா தொடர்பான கட்டுரைகளின் அறிமுகத்தில் இந்திய மொழி எழுத்துகளைத் தவிர்ப்பது என்று 2012இல் ஆங்கில விக்கியில் பொது விவாதம் நடத்தி முடிவெடுத்தார்கள்; பின்னர் தகவல் பெட்டிக்கும் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க அட்டவணை) அதை நீட்டித்தார்கள். தமிழுக்கு மட்டும் வந்த தடை அல்ல. இந்தியும் கன்னடமும் வங்காளமும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. எல்லையோர ஊருக்கு எந்த மொழி முதலில், ஒரு நடிகருக்குத் தாய்மொழியா அவர் நடிக்கும் மொழியா என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஓயாத சண்டை. போதாததற்கு, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத தொகுப்பாளர்கள் பெயருக்குப் பதில் வசைச்சொல் எழுதப்பட்டிருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மொழி, எழுத்துமுறை, இலக்கிய நூல் பற்றிய கட்டுரைகளுக்கு விலக்கு உண்டு. இலங்கைக் கட்டுரைகளை இந்த முடிவு தொடவே இல்லை; அதனால்தான் யாழ்ப்பாணம் கட்டுரையில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன, மதுரை கட்டுரையில் இல்லை. இந்த முடிவு எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் உங்கள் தொகுப்பை நீக்கியவர் ஏற்கெனவே இருக்கும் முடிவைத்தான் செயல்படுத்தினார். அவர் தொகுப்புச் சுருக்கத்தில் (தொகுக்கும்போது காரணம் எழுதும் பெட்டி) அந்த முடிவு உள்ள பக்கத்தின் குறுக்குவழிப் பெயரை இட்டிருப்பார். அதைச் சொடுக்கிப் படித்திருந்தால் மூன்று சுற்றும் மிச்சம்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நீக்கப்பட்டதும் கை தானாகத் திரும்பச் சேர்க்கப் போகிறது. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, நீக்கியவர் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது முதல் படி. தயங்காமல் தொகுக்கலாம், யாராவது மீளமைத்தால், அதாவது பழையபடி மாற்றிவிட்டால், அப்படியே விட்டுவிட்டு அந்தக் கட்டுரைக்கான உரையாடல் பக்கத்துக்குப் போக வேண்டும். எழுதப்பட்ட கட்டாய விதியாக இல்லாவிட்டாலும் வழக்கத்தில் இதுதான் மரியாதை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்றுக்கு மேல் மீளமைத்தால் அது ஆங்கில விக்கியில் தடைக்குரிய குற்றம். மீளமைப்பு என்பதில் பிறர் செய்ததை முழுதாகவோ பகுதியாகவோ அழிப்பது எல்லாம் சேரும்; ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியாக இருந்தாலும் கணக்கில் ஏறும். 25ஆவது மணி நேரத்தில் நான்காவதைச் செய்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் மாட்டுவார்கள், ஏனென்றால் மூன்று என்பது சலுகை அல்ல; அதற்கு முன்பே தொகுத்தல் போர் என்று சொல்லித் தடுக்கலாம். வெளிப்படையான விசமத் தொகுப்பு, காப்புரிமை மீறல், உயிரோடிருப்பவரைப் பற்றிய ஆதாரமற்ற அவதூறு ஆகியவற்றை நீக்குவதற்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. ஆனால் "எனக்குப் பிடிக்காத தொகுப்பு" விசமம் ஆகாது. எதிராளியை விசமி என்று சுருக்கத்தில் எழுதிவிட்டு மீளமைப்பவருக்குத்தான் பெரும்பாலும் முதல் தடை விழுகிறது.

தொகுப்புச் சுருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு அதன் நீளம் 255 பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு. 'கு' என்று எழுத இரண்டு குறி வேண்டும். ஆக, தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதவே திண்டாட்டம். 2018இல் அது 500 குறிகளாக மாறியது. இப்போது காரணம் எழுதாமல் விட இடப் பற்றாக்குறையைச் சாக்குச் சொல்ல முடியாது. அதற்காகச் சுருக்கப் பெட்டியிலேயே விவாதம் நடத்துவதும் கூடாது: ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மீளமைப்பு தேவைப்படுமே!

உரையாடல் பக்கத்தில் எழுதுவது தனிக் கலை. புதிய விஷயத்தைப் பக்கத்தின் கீழே புதிய தலைப்பிட்டுத் தொடங்க வேண்டும். தலைப்பில் எதிராளியின் பெயர் வரக் கூடாது. "இரண்டாம் பத்தியில் மக்கள்தொகை எண்ணிக்கை" என்பது தலைப்பு, "இன்னாரின் அட்டகாசம்" என்பது தலைப்பல்ல. முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் பெயரும் நேரமும் தானாகப் பதியும். பதில்களை முக்காற்புள்ளி இட்டு உள்தள்ளுவது பழைய முறை. இப்போது பதிலளிக்கும் பொத்தானே அந்த வேலையைச் செய்கிறது. ஒருவரைப் பெயர் இணைப்போடு அழைத்தால் அவருக்கு அறிவிப்புப் போகும். ஆனால் அந்த இணைப்பும் உங்கள் கையொப்பமும் ஒரே சேமிப்பில் இருந்தால்தான் போகும். கையொப்பத்தை மறந்து, அடுத்த தொகுப்பில் வந்து சேர்த்தால் அறிவிப்புப் போகாது. "கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை, திமிர்" என்று கிளம்பும் சண்டைகளில் சிலவற்றின் வேர் இந்தச் சின்னக் கோளாறுதான். பிறர் பதில் சொன்ன பிறகு உங்கள் பழைய வரியைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள், கோடிட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். இல்லையென்றால் பின்னால் வந்து படிப்பவருக்கு அவர் பதில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

என்ன எழுதுவது? "நான் இந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா?" என்பது அங்கே செல்லாக் காசு. நீங்கள் ஊர்க்காரரா என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பயனில்லை. எழுதப்படும் ஒவ்வொன்றும் அச்சிலோ இணையத்திலோ வெளியான நம்பகமான மூலத்தில் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். உருப்படியான பதிவு ஏறத்தாழ இப்படி இருக்கும்: "மூன்றாம் பத்தியில் கோயில் 12ஆம் நூற்றாண்டு என்று இருக்கிறது. அதற்குத் தரப்பட்ட மூலம் ஒரு சுற்றுலா விளம்பரப் பக்கம். கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை இன்ன பக்கத்தில் 11ஆம் நூற்றாண்டு என்கிறது. 'கிடைத்துள்ள கல்வெட்டுகளின்படி 11ஆம் நூற்றாண்டு' என்று மாற்றலாமா? ஒரு வாரம் பொறுத்திருக்கிறேன்." நான்கு விஷயங்கள் உள்ளன: எந்த வரி, அதில் என்ன குறை, மாற்று மூலம் எது, மாற்று வாக்கியம் என்ன. மாற்று வாக்கியத்தைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். அது இல்லாத விவாதம் முடிவில்லாமல் நீளும், ஏனென்றால் 'சரி' சொல்ல விரும்புகிறவருக்கும் எதற்குச் சரி சொல்வது என்று தெரியாது.

இருவர் மட்டும் மோதிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால் ஆங்கில விக்கியில் 'மூன்றாவது கருத்து' கேட்கும் பக்கம் உண்டு. முன்பே உரையாடல் பக்கத்தில் பேசியிருக்க வேண்டும்; மூன்றாம் ஆள் ஏற்கெனவே வந்திருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே வரியில், எந்தப் பக்கமும் சாயாமல், கேள்வியை இட வேண்டும். வருபவர் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் பாதிச் சண்டைகள் அதோடு அடங்கும். மானம் போகாமல் இறங்கிவர ஒரு படி கிடைத்துவிடுகிறதே. பலர் சிக்கிய விவாதத்துக்கு 2011இல் தொடங்கிய பிணக்குத் தீர்வு அறிவிப்புப் பலகை இருக்கிறது: தன்னார்வலர் ஒருவர் நடுவில் அமர்ந்து ஒவ்வொருவராகப் பேசச் சொல்வார். எதிராளி வர மறுத்தால் அங்கே கதை முடிந்தது, கட்டாயப்படுத்த வழியில்லை.

பெரிய ஆயுதம், பொதுக் கருத்துக் கோரல். உரையாடல் பக்கத்தில் அதற்கான வார்ப்புருவை (முன்பே செய்துவைத்த குறிப்புப் பெட்டி) இட்டுக் கேள்வியை எழுதினால் தானியங்கி ஒன்று அதைத் துறைவாரிப் பட்டியலில் சேர்க்கும், கருத்துச் சொல்ல விருப்பம் பதிந்துவைத்தவர்களுக்கு அழைப்பும் அனுப்பும். வழக்கமாக 30 நாள் ஓடும். இது தோற்பதற்கு முக்கியக் காரணம், கேள்வி. "வரலாற்றைத் திரித்து எழுதிய இந்தப் பத்தியை இன்னும் வைத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டால் முதல் ஐந்து பதிலும் கேள்வியைப் பற்றியதாகவே இருக்கும். "இந்தப் பத்தியை வைத்திருக்கலாமா, நீக்கலாமா?" போதும், உங்கள் வாதத்தைக் கேள்விக்குக் கீழே மற்றவர்களைப் போல ஒரு பதிலாக எழுதுங்கள். ஆறு தெரிவுகள் கொடுத்தால் கருத்து ஆறாகச் சிதறும்.

முடிவு தலை எண்ணிக்கையால் வருவதில்லை. சம்பந்தமில்லாத ஒருவர் படித்து, எந்த வாதம் கொள்கைகளோடும் மூலங்களோடும் ஒத்துப்போகிறது என்று எடைபோட்டு எழுதி மூடுவார். காரணம் இல்லாத "ஆதரிக்கிறேன்" இருபது வந்தாலும் மூலத்தோடு வந்த மூன்று பதில்கள் மேலே நிற்கலாம். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு "எல்லாரும் வந்து ஓட்டுப் போடுங்க" என்று அழைப்பது, அதனாலேயே, உதவாததோடு கெடுதலும் ஆகும். ஒரே நாளில் புதுக் கணக்குகள் வரிசையாக வந்து ஒரே வாக்கியத்தை எழுதினால் கண்டுகொள்ள யாருக்கும் பூதக்கண்ணாடி தேவையில்லை. ஒருவரே பல கணக்கில் வருவதைக் கைப்பாவை என்பார்கள். அதற்குப் பயனர் சோதனைக் கருவி இருக்கிறது. இணைய முகவரித் தடங்கள் 90 நாள்வரை அதில் தெரியும். விவாதத்தைப் பிறருக்குத் தெரிவிப்பது தவறில்லை. தொடர்புள்ள விக்கித் திட்டத்தின் (ஒரே துறையில் தொகுப்பவர்களின் குழு) பேச்சுப் பக்கத்தில், பக்கச் சார்பில்லாமல், ஒரு வரி எழுதலாம்.

நல்ல தீர்வு பெரும்பாலும் 'அவரா நானா' என்பதைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. போலந்தின் குதான்ஸ்க் நகரை அந்தப் பெயரால் அழைப்பதா, டான்சிக் என்ற ஜெர்மன் பெயரால் அழைப்பதா என்று ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். 2005இல் வாக்கெடுப்பு நடத்தி, காலத்தைப் பிரித்துக் கேட்டார்கள். 1308 முதல் 1945 வரையிலான வரலாற்றைப் பேசும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் குதான்ஸ்க் என்று முடிவானது. சென்னை, மதராஸ் விஷயத்திலும் இதே போக்கில் யோசித்தால் பாதி வாதம் தேவைப்படாது: 1996க்கு முந்தைய நிறுவனங்களையும் நிகழ்வுகளையும் அன்றைய பெயரால் குறிப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

இதுவரை சொன்னது உள்ளடக்கம். எதிராளி வசைபாடுகிறார், மிரட்டுகிறார், பேசாமலே மீளமைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அது நடத்தை. அதற்கு நிர்வாகிகள் அறிவிப்புப் பலகை. அங்கே போனால் குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் வேறுபாட்டு இணைப்பு, அதாவது எந்தத் தொகுப்பில் என்ன செய்தார் என்று காட்டும் இணைப்பு, கொடுக்க வேண்டும். எதிராளியின் பேச்சுப் பக்கத்தில் தகவல் சொல்வதும் கட்டாயம்; பெயர் சொல்லி அழைத்தது மட்டும் போதாது. நீளமாக எழுதாதீர்கள், ஆறேழு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. முறையீடு செய்தவரின் தொகுப்புகளையும் அங்கே கிளறுவார்கள் என்பதை மறந்து போய் நிற்பவர்கள் தாங்களே தடை வாங்கித் திரும்புவதுண்டு. கோபத்தில் "வழக்குப் போடுவேன்" என்று எழுதிவிட்டால் அதைத் திரும்பப் பெறும்வரை தடை. எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான உலகளாவிய நடத்தை நெறி ஒன்றையும் அறக்கட்டளையின் அறங்காவலர் குழு 2021இல் ஏற்றது. தொல்லை, மிரட்டல், பிறர் அந்தரங்கத்தை வெளியிடுதல் போன்றவற்றுக்கு எந்தச் சிறிய விக்கியிலும் அதைக் காட்டலாம்.

தமிழ்நாட்டுத் தொகுப்பாளர்கள் ஆங்கில விக்கியில் அதிகம் அடிபடும் இடம் சாதிக் கட்டுரைகள். அங்கே பொறுமை குறைவு, விதிகள் கடுமை. இந்தியா, பாகிஸ்தான் சார்ந்த தலைப்புகளும் தெற்காசியச் சாதிகளும் தனிக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளவை; ஒரு முறை எச்சரித்த பிறகு அந்தத் தலைப்பையே தொடக் கூடாது என்று நிர்வாகி தனியாகவே விலக்கி வைக்க முடியும். பல பக்கங்களைத் தொகுக்கவே 30 நாள் பழைய கணக்கும் 500 தொகுப்புகளும் வேண்டும். 1909இல் வெளியான தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகள் போன்ற ஆங்கிலேயர் காலப் பதிவுகளை மூலமாகக் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள். சாதிச் சங்க மலரும் அப்படியே. பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அண்மைக்கால ஆய்வு வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவரின் சாதியை, அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலொழிய, எழுதக் கூடாது. "இன்னார் எங்கள் ஆள்" என்ற பட்டியலை நீக்குகிறவரோடு வாதாடுவது வீண்.

தமிழ் விக்கி வேறு உலகம். 2003 செப்டம்பரில் தொடங்கியது, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தொடர்ந்து தொகுப்பவர்கள் எண்ணிக்கை சிறியது, பலர் ஒருவரையொருவர் பயிலரங்குகளில் நேரில் பார்த்தவர்கள். நடுவர் குழு கிடையாது. பொதுப் பேச்சுக்கு ஆலமரத்தடி. புதியவர்களின் கேள்விக்கு ஒத்தாசைப் பக்கம். மற்றதெல்லாம் கட்டுரையின் உரையாடல் பக்கத்திலும் பயனர் பேச்சுப் பக்கங்களிலும். ஐயா, அம்மா, அண்ணா என்று விளித்துப் பேசுவது அங்கே இயல்பு. அது சூட்டைத் தணிக்கிறது என்றாலும், வயதில் மூத்தவரின் தவறான தொகுப்பை மீளமைக்கக் கை கூசும் தொந்தரவும் கூடவே வருகிறது. மூன்றாமவர் கிடைப்பது கடினம் என்பதால் ஆங்கில விக்கியின் 30 நாள் கணக்கெல்லாம் அங்கே பொருந்தாது. ஒருவர் பதில் எழுதவே இரண்டு வாரம் ஆகலாம்.

சண்டையின் பொருளும் வேறு. ரஷ்யாவா உருசியாவா, டொராண்டோவா ரொறன்ரோவா, கிரந்த எழுத்து எவ்வளவு தூரம் அனுமதி, கலைச்சொல் தமிழ்நாட்டுப் பாடநூலிலிருந்தா இலங்கைப் பாடநூலிலிருந்தா. இவற்றுக்கு மூலத்தை மட்டும் காட்டித் தீர்வு காண முடியாது, இரண்டு பக்கமும் அச்சான பாடநூல் இருக்கிறது. நடைமுறையில் கைகொடுப்பது வழிமாற்று: எந்த வடிவில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்து சேரும். முதல் வரியில் இரண்டு வழக்கையும் குறிப்பிட்டுவிட்டு, கட்டுரையைத் தொடங்கியவரின் எழுத்துக்கூட்டை உள்ளே அப்படியே விடுவது சமாதானத்துக்கு நல்லது. தலைப்பை நகர்த்துவதற்கு முன் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். கேட்காமல் நகர்த்தியவை நகர்ந்த வேகத்தில் திரும்பி வரும், நடுவில் உடைந்த இணைப்புகளைச் சரிசெய்பவர் வேறு யாரோ.

தமிழ் விக்கி சந்தித்த பெரிய தொடர்புச் சிக்கல் தொகுப்பாளர்களுக்கு இடையில் வந்ததல்ல. கூகுள் நிறுவனம் ஊதியம் கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவி வழியே தமிழாக்கி ஏற்றியபோது, சிவப்பு இணைப்புகளும் (இல்லாத கட்டுரைக்குப் போகும் இணைப்புகள்) உடைந்த வார்ப்புருக்களும் முறுக்கிய வாக்கியங்களுமாகக் கட்டுரைகள் வந்து குவிந்தன. 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இந்தக் குறைகளை வகைப்படுத்தி முன்வைத்தார். மாநாடு நடந்த ஊர், குதான்ஸ்க்.

உங்கள் ஊர்ப் பெயருக்கு இப்போது செய்யக் கூடியது: 2012 முடிவை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பழைய விவாதத்தை முழுக்கப் படித்துவிட்டு, அன்று எழாத புதிய வாதம் இருந்தால் மட்டும் இந்தியா விக்கித் திட்டத்தின் பேச்சுப் பக்கத்தில் எழுப்புங்கள். அதற்கு முன், அந்த ஊருக்கான விக்கித்தரவு (எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுத்தளம்) உருப்படியில் தமிழ்ப் பெயரையும், 'உள்ளூர்ப் பெயர்' பண்பையும் (பி1705) சேர்த்துவிடுங்கள்; அங்கே யாரும் நீக்க மாட்டார்கள். ஆங்கிலக் கட்டுரையில் எழுத்துக்குத்தான் தடை, உச்சரிப்புக்கு இல்லை. பன்னாட்டு ஒலிப்புக் குறியீட்டில் தமிழ் உச்சரிப்பைச் சேர்க்கலாம், ஊர்ப் பெயரை உங்கள் குரலில் பதிவு செய்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி இணைக்கலாம். தமிழ் விக்கியில் அந்த ஊருக்குக் கட்டுரை இல்லையென்றால் நான்கு வரியும் இரண்டு மூலமும் கொண்டு தொடங்கி விக்கித்தரவில் இணையுங்கள். ஆங்கிலக் கட்டுரையின் மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்று வந்து நிற்கும்.